விண்ணப்பத்தைப் படிப்பது யார்?

சென்ற ஆண்டு முன்னாள் மாணவியர் தினத்தன்று நம் பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வந்திருந்தாள். பிளஸ் டூவில் என்னிடம் வணிகவியல் படித்தவள். காபி குடித்துக்கொண்டே பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தவள், திடீரென்று இப்படிக் கேட்டாள்:

"மிஸ், வேலை தேடிக்கொண்டிருந்தபோது ஒரு கம்பெனிக்கு இராத்திரி பதினொன்றே முக்காலுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். மணி பன்னிரண்டுகூட அடிக்கவில்லை. 'தங்களைத் தேர்வு செய்ய இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று பதில் வந்துவிட்டது. அந்த நேரத்தில் அங்கே யார் மிஸ் உட்கார்ந்து என் விண்ணப்பத்தைப் படித்திருப்பார்கள்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி என் மனத்தைவிட்டு நீங்கவில்லை. மாணவியரே, உங்களுள் பலர் இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் இதே வாயிலில் நிற்கப் போகிறவர்கள். ஆகவே அவளுடைய கேள்விக்கு விடை தேடி நான் படித்து அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

தூங்கிய ஃபைல்கள்

ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி அளிப்பது, சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு, ஓய்வு ஆகியவற்றைக் கவனிப்பது, இவற்றையெல்லாம் செய்யும் பிரிவுக்கு உங்கள் தாத்தா காலத்தில் பர்சனல் டிபார்ட்மெண்ட் என்று பெயர். இன்று மனிதவளத் துறை, சுருக்கமாக ஹெச்.ஆர். நிலக்கரி, இரும்புத்தாது இவற்றின் வரிசையில் மனிதரையும் 'வளம்' என்று சேர்த்துப் பேசுவது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

பழைய அலுவலகங்களில் அந்தப் பிரிவுக்குள் நுழைந்தால் வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், ஆளுக்கொரு சர்வீஸ் ரிஜிஸ்டர், பீரோ நிறைய ஃபைல்கள் என்று காணலாம். அவற்றில் செய்திகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை தூங்கிக்கொண்டிருந்தன. ஒருவர் ஓய்வு பெறும்போதோ, ஏதேனும் தகராறு எழும்போதோதான் அவருடைய ஃபைலைத் தூசு தட்டி எடுப்பார்கள். "கடந்த ஐந்தாண்டில் வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? சேர்ந்து எத்தனை மாதத்தில் போனார்கள்? பெரும்பாலோர் எந்த அதிகாரியின் கீழ் வேலை பார்த்தவர்கள்?" என்று முதலாளி கேட்டால், விடை சொல்ல நான்கு குமாஸ்தாக்கள் ஒரு மாதம் உட்கார்ந்து எண்ண வேண்டும். எனவே யாரும் கேட்கவில்லை.

இன்று அந்தக் கேள்விக்கு விடை சில நிமிடங்களில் கிடைக்கிறது. காரணம், செய்தி தானே சேர்ந்துகொண்டிருக்கிறது. வாயிலில் அட்டையைக் காட்டினால் வந்த நேரம் பதிவாகிறது. கணிப்பொறியைத் திறந்தால் அதுவும் பதிவாகிறது. எந்தப் பயிற்சிக்குச் சென்றோம், எத்தனை நாள் விடுப்பு எடுத்தோம், சம்பளம் எப்போது உயர்ந்தது, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. இவ்வாறு பதிவான செய்திகளைத் தரவு என்கிறோம். அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உள்ளே மறைந்திருக்கும் ஒழுங்கைத் தேடுவதே தரவுப் பகுப்பாய்வு. முன்பு நடந்ததை எழுதி வைத்த துறை, இப்போது நடக்கப் போவதைக் கணிக்கும் துறையாக மாறி வருகிறது.

ரிலே கட்டிய ஐந்து பெண்கள்

தொழிலாளரை எண்ணி அளந்து பார்ப்பது கணிப்பொறியோடு பிறந்ததன்று. அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்திற்கு ஹாத்தார்ன் என்ற பெரிய தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஆலை. அங்கே 1924-இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று: விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடுமா? கூட்டினார்கள், வேலை கூடியது. ஆனால் வெளிச்சத்தைக் கூட்டாமல் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த குழுவிலும் வேலை கூடியது! ஆராய்ந்தவர்கள் விழித்தார்கள்.

1927-இல் ரிலே என்னும் சிறு கருவியைப் பூட்டும் ஐந்து இளம் பெண்களைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு இடையிடையே ஓய்வு கொடுத்தார்கள், சிற்றுண்டி கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எத்தனை ரிலே என்று எண்ணினார்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. சலுகைகளையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தபோதும் அது பழைய அளவுக்கு இறங்கவில்லை. "தொழிலாளரை ஒரு பொருட்டாக மதித்துக் கவனித்தாலே அவர்கள் உற்சாகமாக உழைப்பார்கள்" என்பது இதிலிருந்து பெறப்பட்ட பாடம். ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோவின் பெயரோடு இது நம் வணிகவியல் பாடப் புத்தகங்களிலும் இடம்பெற்றிருக்கிறது.

பாடப் புத்தகம் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. அந்த ஐந்து பேரில் இருவர் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 ஜனவரியில் வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக வந்த இருவரும் வேகமாக வேலை செய்பவர்கள். கூலியும் மாறியிருந்தது. முன்பு பெரிய கூட்டத்தின் உற்பத்தியைப் பொறுத்துக் கிடைத்த ஊக்கத்தொகை, இப்போது அந்த ஐந்து பேரின் உற்பத்தியைப் பொறுத்துக் கிடைத்தது. அப்படியானால் எண்ணிக்கை ஏறியது அன்பினாலா, கூலியினாலா, ஆளை மாற்றியதாலா? அறிஞர்கள் இன்றளவும் வாதாடுகிறார்கள். விளக்கு ஆராய்ச்சியின் பழைய கணக்குகளை லெவிட், லிஸ்ட் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் தேடிப் பிடித்து மறுபடி ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். கதையில் சொல்லப்படுவது போன்ற பெரிய விளைவு அந்த எண்களில் தெளிவாக இல்லை என்றார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? எண்கள் பொய் சொல்வதில்லை என்பார்கள். ரிலேயின் எண்ணிக்கையும் பொய் சொல்லவில்லை. ஆனால் அறையை விட்டு அனுப்பப்பட்ட இருவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இன்றைய கணிப்பொறிக் கணக்கைப் படிக்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும்.

நல்ல கேள்வி, நல்ல விடை

இனி, இத்துறையில் தரவினால் விளைந்த நன்மையைக் காண்போம். அதற்குக் கூகுள் நிறுவனமே தக்க எடுத்துக்காட்டு.

கூகுளில் பொறியாளர்களே அதிகம். மேலதிகாரி என்று ஒருவர் எதற்கு என்ற எண்ணம் அவர்களிடையே வேரூன்றி இருந்தது. 2002-இல் பொறியாளர்களுக்கு மேலதிகாரிகளே இல்லாமல் நிறுவனத்தை நடத்திப் பார்த்தார்கள். சில மாதங்களே தாங்கியது. பிறகு 2009-இல் அங்கிருந்த புள்ளியியல் வல்லுநர்கள் "ஆக்சிஜன் திட்டம்" என்று பெயரிட்டு இதைத் தரவு கொண்டே ஆராயத் தொடங்கினார்கள். ஊழியர் மதிப்பீடுகள், கருத்துக் கணிப்புகள், விருதுக்கான பரிந்துரைகள் எனப் பல்லாயிரம் பதிவுகளைத் திரட்டினார்கள். நல்ல மேலதிகாரியின் கீழ் இருந்தவர்கள் வேலையை விட்டுப் போவது குறைவு, அவர்கள் மகிழ்ச்சியாகவும் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. நல்ல மேலதிகாரி என்பவர் யார்? எட்டுக் குணங்களை வரிசைப்படுத்தினார்கள். முதலில் நின்றது நல்ல பயிற்சியாளராக இருப்பது. தொழில்நுட்ப அறிவு எட்டாவதாக, கடைசியில் நின்றது. பொறியாளர்கள் நிறைந்த நிறுவனத்தில் இதைத் தரவு இன்றி யாராவது வாயால் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா?

நேர்முகத் தேர்வில் விடுகதை போன்ற கேள்விகள் கேட்பது அங்கே வழக்கமாக இருந்தது. ஒரு விமானத்திற்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற கேள்விகள். அவற்றால் சிறிதும் பயனில்லை, கேட்பவருக்குத் தம்மைப் புத்திசாலி என்று எண்ணிக்கொள்ளத்தான் உதவும் என்று அங்கு மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் பத்திரிகைப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். கல்லூரி மதிப்பெண்ணும் வேலைத் திறனைக் காட்டவில்லை என்றார். உடனே அரையாண்டுத் தேர்வைக் கோட்டைவிட யாரும் துணிய வேண்டாம்! படிப்பை முடித்துப் புதிதாகச் சேருபவர்களிடம் சிறிதளவு தொடர்பு இருந்ததாகவும் அவரே கூறியிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. கூகுளை விட்டு விலகுபவர்களின் கணக்கைப் பார்த்தபோது, அண்மையில் குழந்தை பெற்ற பெண்கள் மற்றவர்களைவிட மிகுதியாக விலகுவது தெரியவந்தது. "பெண்கள் என்றால் அப்படித்தான், குழந்தை பிறந்தால் வேலையில் நாட்டம் குறைந்துவிடும்" என்று ஒரு பழைய நிர்வாகி சொல்லி முடித்திருப்பார். இங்கே வேறு கேள்வி கேட்டார்கள்: நாம் கொடுக்கும் விடுப்பு போதுமா? சம்பளத்துடன் கூடிய 12 வார மகப்பேற்று விடுப்பை 2007-இல் 18 வாரமாக உயர்த்தினார்கள். அதன் பின் தாய்மார் விலகும் விகிதம் பாதியாகக் குறைந்தது என்று சூசன் வொஜிஸ்கி 2014-இல் எழுதினார். கூகுளில் முதன்முதலாக மகப்பேற்று விடுப்பு எடுத்தவர் அவர்தாம். பின்னர் யூடியூப் நிறுவனத்தின் தலைமைப் பதவிக்கு உயர்ந்தார். நம் நாட்டிலும் 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது 12 வார விடுப்பு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது.

எண் ஒன்றேதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு "இவர்களை ஏன் வேலைக்கு எடுக்க வேண்டும்?" என்றும் கேட்கலாம், "இவர்கள் ஏன் போகிறார்கள்?" என்றும் கேட்கலாம்.

"மகளிர்" என்ற சொல்

இரண்டாவது கேள்வியைக் கேட்க ஆள் இல்லாதபோது என்ன ஆகும்?

ஒரு பள்ளியை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே பத்தாண்டுகளாக விளையாட்டுத் தலைவியாக இருந்தவர்கள் அனைவரும் விடுதி மாணவிகள். இந்தப் பதிவுகளைக் கணிப்பொறிக்குக் கொடுத்து, "அடுத்த தலைவியைக் கண்டுபிடி" என்கிறோம். அது என்ன செய்யும்? விடுதி மாணவிகளுக்கு உயர்ந்த இடமும், வீட்டிலிருந்து வருபவர்களுக்குத் தாழ்ந்த இடமும் கொடுக்கும். உண்மைக் காரணம் என்ன? பயிற்சி காலை ஆறு மணிக்கு. முதல் பஸ் வந்து சேருவதோ எட்டு மணிக்கு. பஸ் வராத செய்தி பதிவேட்டில் இல்லை. ஆகவே இயந்திரத்திற்கு அது தெரியாது. நேற்று நடந்ததைப் பார்த்து நாளையைச் சொல்வதுதான் அதன் தொழில். நேற்று நடந்தது நியாயமா என்று கேட்க அதற்குத் தெரியாது.

இது வெறும் கற்பனையன்று. அமேசான் நிறுவனம் 2014-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஒரு குழுவை அமைத்தது. வந்து குவியும் விண்ணப்பங்களைக் கணிப்பொறியே படித்துத் தரம் பிரிக்க வேண்டும். கடைப் பொருள்களுக்கு வாடிக்கையாளர் நட்சத்திரம் இடுவது போல, விண்ணப்பம் செய்தவர்க்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை இட வேண்டும் என்பது திட்டம். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். வேலைக்கும் ஊருக்கும் ஏற்ப 500 கணிப்பு மாதிரிகள் உருவாயின; அவை சுமார் 50,000 சொற்களை அடையாளம் காணக் கற்றன.

அந்தப் பத்தாண்டுகளில் தொழில்நுட்ப வேலைக்கு விண்ணப்பித்தவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். ஆகவே ஆண்களே ஏற்றவர்கள் என்று இயந்திரம் தானே முடிவு கட்டிக்கொண்டது. விண்ணப்பத்தில் "மகளிர்" என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் இருந்தால் மதிப்பைக் குறைத்தது. "மகளிர் சதுரங்கக் கழகத் தலைவி" என்று ஒருத்தி எழுதினால் அது அவளுக்குத் தகுதியாக அன்றிக் குறையாக ஆயிற்று. பெண்கள் மட்டுமே பயிலும் இரண்டு கல்லூரிகளின் பட்டதாரிகளையும் கீழே தள்ளியது. ஆண்களின் விண்ணப்பங்களில் மிகுதியாகக் காணப்பட்ட "நிறைவேற்றினேன்", "கைப்பற்றினேன்" போன்ற பொருளுடைய வினைச்சொற்களுக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்தது.

மாணவியரே, நம் பள்ளியின் பெயர்ப்பலகையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதில் "பெண்கள்" என்ற சொல் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது! உங்கள் ஒவ்வொருவரின் சான்றிதழிலும் அது இருக்கும். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை என்றால் மிகையில்லை.

2015-இலேயே குழுவினர் குறையைக் கண்டுகொண்டார்கள். அந்தக் குறிப்பிட்ட சொற்களை இயந்திரம் பொருட்படுத்தாதபடி திருத்தினார்கள். ஆனால் வேறு ஏதேனும் வழியில் அது பெண்களைப் பிரித்தறியாது என்பதற்கு உறுதி இல்லை. 2017-இன் தொடக்கத்தில் குழுவே கலைக்கப்பட்டது. 2018 அக்டோபரில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் இதை வெளிப்படுத்தியது. ஆட்சேர்ப்பு அதிகாரிகள் அதன் பரிந்துரைகளைப் பார்த்தார்கள், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கவில்லை என்பது அச்செய்தி. விண்ணப்பதாரர்களை மதிப்பிட அதை ஒருபோதும் பயன்படுத்தவில்லை என்பது அமேசானின் விளக்கம். எப்படியாயினும், தவறைத் தாங்களே கண்டுபிடித்து நிறுத்தியதைப் பாராட்டத்தான் வேண்டும். கண்டுபிடிக்காதவர்கள் எத்தனை பேரோ!

"வேறு வழி" என்றேனே, அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஜெராக்ஸ் நிறுவனம் தன் தொலைபேசிச் சேவை நிலையங்களுக்கு ஆள் எடுக்கத் தரவை ஆராய்ந்தபோது, அலுவலகத்திற்கு அருகில் வசிப்பவர்கள் நீண்ட நாள் வேலையில் நிலைக்கிறார்கள் என்று தெரிந்தது. இயற்கைதானே! தினமும் இரண்டு பஸ் மாறி வருபவர் சலித்துப் போவார். ஆனால் அமெரிக்க நகரங்களில் எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் வாழ்கிறார் என்பது பெரும்பாலும் பிரிந்தே கிடக்கிறது. தூரத்தைப் பார்த்து ஆள் எடுத்தால் இனத்தைப் பார்த்து எடுத்ததாக ஆகிவிடும் என்று உணர்ந்து, அந்தக் கணக்கைத் தேர்வுக்குப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டார்கள். நம் ஊரிலும் ஒருவரின் தெருப் பெயர் எதையெதையெல்லாம் சொல்லிவிடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மனிதர் மட்டும் உத்தமரா?

அப்படியானால் இயந்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழையபடி மனிதரே படிக்கட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் செய்த சோதனை என் எண்ணத்தை மாற்றிற்று. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வெளியான வேலை விளம்பரங்களுக்கு அவர்கள் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதியில் வேறுபாடு இல்லை. பெயரில் மட்டும் வேறுபாடு. வெள்ளையர் என்று தோன்றும் பெயருக்குப் பத்து விண்ணப்பத்திற்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பர் என்று தோன்றும் பெயருக்கு ஓர் அழைப்புப் பெறப் பதினைந்து விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. 2004-இல் வெளியான முடிவு இது. இந்தியாவில் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் இதே முறையில் பத்திரிகை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பி, தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்புக் குறைவதை 2007-இல் எடுத்துக் காட்டினார்கள்.

இவையெல்லாம் மனிதர் செய்த தேர்வுகள். அவர்களுள் யாரும் தம்மைப் பாரபட்சம் உடையவர் என்று எண்ணியிருக்கமாட்டார். தனித்தனியே ஒரு விண்ணப்பத்தை ஒதுக்கும்போது அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐயாயிரத்தைச் சேர்த்து எண்ணியபோதுதான் தெரிந்தது. அநியாயத்தைச் செய்யவும் தரவு உதவுகிறது. அதைக் காட்டிக் கொடுக்கவும் தரவே உதவுகிறது.

சட்டங்களும் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. நேர்முகத் தேர்வை வீடியோவில் பதிவு செய்து, முகபாவத்தைக்கூடக் கணிப்பொறியால் மதிப்பிடும் வழக்கம் அமெரிக்காவில் தோன்றியது. பலத்த கண்டனத்திற்குப் பின் ஹயர்வியூ என்ற நிறுவனம் முகபாவ மதிப்பீட்டைக் கைவிட்டதாக 2021-இன் தொடக்கத்தில் அறிவித்தது. நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஆள் எடுக்க இத்தகைய கருவியைப் பயன்படுத்துவோர் அதில் பால், இன அடிப்படையில் பாரபட்சம் உண்டா என்று ஆண்டுதோறும் வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்து முடிவை வெளியிட வேண்டும். வணிகவியல் மாணவிகளே, கணக்குத் தணிக்கை போல இயந்திரத்திற்கும் தணிக்கை! ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டம், ஆட்சேர்ப்புக் கருவிகளை ஆபத்து மிகுந்தவை என்ற வகுப்பில் சேர்த்தது. நம் நாட்டில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அது தரவைப் பற்றிய பொதுச் சட்டமே அன்றி, ஆட்சேர்ப்பைக் குறித்துத் தனியே இயற்றப்பட்டதன்று.

விண்ணப்பம் எழுதுபவர்களுக்கு இரண்டொரு சொல். முதலில் படிப்பது இயந்திரமாக இருக்கலாம் என்பதால் அலங்காரக் கட்டங்கள், படங்கள், வளைந்த எழுத்துகள் வேண்டாம், அது தடுமாறும். விளம்பரத்தில் கேட்ட தகுதி உங்களிடம் உண்மையாகவே இருந்தால், விளம்பரத்தில் உள்ள அதே சொல்லால் அதை எழுதுங்கள். இல்லாததை எழுதாதீர்கள், நேர்முகத் தேர்வில் எதிரே உட்காரப் போவது மனிதர். இத்துறையிலேயே பணியாற்ற விரும்புகிறவர்கள் புள்ளியியலைக் கண்டு ஓடாமல் இருந்தால் போதும். சராசரி, விகிதம், ஒட்டுறவு என்று நாம் பிளஸ் ஒன்னில் அலுப்போடு போடுகிறோமே, அந்தக் கணக்குகள்தாம் இங்கே அடித்தளம்.

நள்ளிரவில் வந்த பதில்

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நான் இவ்வளவும் படித்துவிட்டு, ஏதோ மிகுந்த அறிவுள்ள இயந்திரம்தான் அவளை ஒதுக்கியிருக்கும் என்று எண்ணி அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்த நிறுவனத்தில் பணிபுரியும் கல்லூரித் தோழி மூலம் அவளே முன்பு விசாரித்திருக்கிறாள். நுட்பமான கணிப்பு ஒன்றும் இல்லை. "படிப்பில் ஓராண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால் நீக்குக" என்று யாரோ ஒருவர் என்றோ ஒரு விதியை எழுதி வைத்திருந்தார். அவ்வளவுதான். அது ஒரு சல்லடை.

பிளஸ் டூ முடித்த பின் அவள் கல்லூரியில் சேர இரண்டு ஆண்டுகள் ஆயின. தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்திற்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுச் செலவுக் கணக்கு, தம்பியின் படிப்பு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பதினெட்டு வயதில் ஒருத்தியாகக் கவனித்தாள். மாலையில் எட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷனும் எடுத்தாள். அந்த இரண்டு ஆண்டுகளும் படிவத்தில் "இடைவெளி" என்ற ஒரே சொல்லாக ஆகிவிட்டன.

இது அவள் ஒருத்தியின் அனுபவம் மட்டுமன்று. ஹார்வர்டு வணிகப் பள்ளியும் ஆக்சென்சர் நிறுவனமும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட அறிக்கை இதைப் பற்றியே பேசுகிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் நிர்வாகிகளைக் கேட்டபோது, விளம்பரத்தில் சொன்ன நிபந்தனையோடு அப்படியே பொருந்தவில்லை என்பதற்காகவே தகுதியுள்ள தேர்ச்சி பெற்றவர்கள் தங்கள் சல்லடையில் கழிந்து போவதாக 88 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டார்கள். ஆறு மாதத்திற்கு மேல் வேலையில் இடைவெளி இருந்தாலே ஒதுக்கிவிடும் நிறுவனங்கள் பல உண்டு என்றும் அந்த அறிக்கை கூறுகிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளவும் குழந்தையை வளர்க்கவும் வேலையை விட்டு நிற்பவர்கள் பெரும்பாலும் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவள் இப்போது வேறொரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறாள். விண்ணப்பங்களைச் சலிக்கும் விதிகளை எழுதுவது அவளுடைய வேலைகளுள் ஒன்று. "படிப்பிலோ வேலையிலோ இடைவெளி உண்டா?" என்ற கேள்வி அவர்களுடைய படிவத்திலும் இருந்ததாம். அதை எடுத்துவிடக் கேட்டிருக்கிறாள், மேலிடத்தில் சம்மதிக்கவில்லை. கடைசியில், அந்தக் கேள்விக்குக் கீழே "காரணம்" என்று ஒரு கட்டத்தைச் சேர்க்க அனுமதி வாங்கினாள். அதில் ஏதேனும் எழுதியிருந்தால் இயந்திரம் அந்த விண்ணப்பத்தை நீக்காமல் தனியே எடுத்து வைத்துவிடும்.

"அதை யார் படிப்பது?" என்று கேட்டேன்.

"நான்தான் மிஸ். வாரத்திற்கு நாற்பது, ஐம்பது வந்துவிடுகிறது. சனிக்கிழமையும் உட்கார வேண்டியிருக்கிறது" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.